முடிவெட்ட 150 ரூபாய் அதிகமில்லை

எங்கள் கடற்கரை ஊர் முடிதிருத்தும் கடைகளில் இந்த மாதம் முதல் முடிவெட்ட 150 ரூபாய், முகச்சவரத்துக்கு 80 ரூபாய் என்று புதிய விலைப்பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். இதுவரை 120, 60 என்று இருந்தது. பட்டியல் ஒட்டிய அன்று மாலையே ஊர் வாட்ஸ்அப் குழுவில் விவாதம் தொடங்கிவிட்டது. "அரை மணி நேர வேலைக்கு 150 ரூபாயா?" என்று ஒருவர் கேட்டார். "ஜிஎஸ்டியைக் குறைத்த பிறகும் விலையை ஏற்றுவது என்ன நியாயம்?" என்றார் இன்னொருவர். "போகும்போதெல்லாம் பத்து இருபது சேர்த்துத்தானே கொடுக்கிறோம், அது போதாதா?" என்றார் மூன்றாமவர். முடிதிருத்துவோர் சங்கத்திடம் மனுக் கொடுத்து விலையைக் குறைக்கச் சொல்லலாம் என்கிற வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. குழுவில் நாலு வரியில் பதில் எழுதினால் அது சண்டையில்தான் முடியும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த விலையேற்றம் நியாயமானது என்பதும், நாம் மனமுவந்து கொடுக்கும் டிப்ஸ் எந்தக் காலத்திலும் அந்த விலைக்கு ஈடாகாது என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன், அழகு நிலையம் போன்ற சேவைகளுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவே கட்டாயம். அதாவது, ஆண்டு முழுவதும் ஒரு நாள் கூட விடுமுறை விடாமல், நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,500 ரூபாய் கல்லாவில் விழ வேண்டும். செவ்வாய்க்கிழமை கடை அடைத்து, இரண்டு நாற்காலியும் ஒரு பெஞ்சும் போட்டு நடத்துகிற நம் ஊர்க் கடைகளில் அப்படி விழுவதில்லை. அவர்கள் நம்மிடம் ஜிஎஸ்டி வாங்கியதே இல்லை. வாங்காத வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் பொருளில்லை. வரிக்குறைப்பால் பலன் கிடைக்க வேண்டும் என்று கேட்பவர்கள், ஜிஎஸ்டி எண் போட்டு ரசீது தருகிற பெரிய குளிர்சாதனக் கடைகளில் கேட்கட்டும்.

அடுத்து, அரை மணி நேரம் என்கிற கணக்கு. நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரத்தை மட்டும் எண்ணுகிறோம். அதற்கு முன்னும் பின்னும் நடப்பது நம் கண்ணில் படுவதில்லை. நம் கரையில் இரும்பு எதுவும் நிலைக்காது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே உப்புக்காற்றை எண்ணித்தான் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்தார்கள். அதே காற்றில்தான் கத்தரியும் டிரிம்மரும் நாள் முழுவதும் திறந்து கிடக்கின்றன. நான் போகிற கடைக்காரர் இரவு கடையடைக்கும் முன், கத்தரியை விரித்து, அதன் ஆணி இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, பழைய பனியன் துணியால் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கி வைக்கிறார். அப்படியும் அடிக்கடி சாணைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. படகில் மீன்பிடிக்கப் போய்விட்டு வருகிறவர்களின் தலைமுடியில் உப்பும் டீசல் புகையும் சேர்ந்து பிசுக்காகியிருக்கும். தண்ணீர் அடித்துப் பலமுறை சீவிச் சிக்கெடுக்காமல் கத்தரியே போகாது. புது பிளேடைக் காகிதத்தோடு மடித்து இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைச் சவரக்கத்தியில் செருகி, வேலை முடிந்ததும் அதை நம் கண்ணெதிரே டப்பாவில் போடுகிறார்; ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போடுவதில்லை. கடை வாடகை, வணிக இணைப்புக்கான மின்கட்டணம், துண்டு துவைக்கிற செலவு எல்லாம் இதற்கு மேல்.

சரி, முதலாளிக்காவது முழுக் கூலியும் வருகிறது. அவரிடம் வேலை பார்ப்பவருக்கு? எங்கள் பக்கம் பெரும்பாலான கடைகளில் மாதச் சம்பளம் கிடையாது. வெட்டிய தலைக்குப் பாதி கடைக்கு, பாதி வேலை செய்தவருக்கு என்பதுதான் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை உட்கார இடமில்லாமல் கூட்டம் நிற்பதைப் பார்த்துவிட்டு நல்ல வருமானம் என்று நினைத்துக்கொள்கிறோம். புதன்கிழமை மதியம் அதே கடைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு வாரநாளில் ஐந்து தலை என்று வைத்துக்கொண்டால், பழைய விலையில் அந்த ஊழியருக்குக் கிடைப்பது 300 ரூபாய். நூறு நாள் வேலைத்திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். பல வருடம் நின்று பழகிக் கற்ற கைத்தொழிலுக்கு, காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை கடையில் காத்துக் கிடப்பதற்கு, அதைவிடக் குறைவான கூலியைத்தான் நாம் இத்தனை நாள் கொடுத்து வந்திருக்கிறோம். புதிய விலையில் அது 375 ஆகிறது. இதைத்தான் கொள்ளை என்று குழுவில் எழுதுகிறார்கள்.

இனி அந்தப் பத்து இருபது ரூபாய்க்கு வருவோம். 120 ரூபாய்க்கு 150 நீட்டிவிட்டு, "இருக்கட்டும்ண்ணே, வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிற பழக்கம் நம்மிடம் இருந்ததை நான் மறுக்கவில்லை. அது நல்ல பழக்கமும்தான். ஆனால் இன்று எத்தனை பேர் தாளை நீட்டுகிறோம்? சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை நோக்கிக் கைப்பேசியைக் காட்டி, ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் அனுப்பிவிட்டுப் போகிறோம். சில்லறை என்கிற ஒன்று இல்லாமல் போனதும், சில்லறையை விட்டுக்கொடுக்கிற மனமும் சத்தமில்லாமல் போய்விட்டது. கொஞ்சம் கூடுதலாக அனுப்புகிற நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த அட்டை முதலாளியின் வங்கிக் கணக்கோடு இணைந்தது என்பதை. இரவு கணக்குப் பார்க்கும்போது அந்த இருபது ரூபாய் வேலை செய்தவர் கைக்குத் தனியாகப் போகிறதா, கடை வரவோடு கலந்துவிடுகிறதா என்பது அந்தக் கடையின் நேர்மையைப் பொறுத்தது. நேர்மையான முதலாளிகளும் மறந்துவிடுவதுண்டு. ஆகவே டிப்ஸ் கொடுக்க நினைப்பவர்கள் அதை ரொக்கமாக, வெட்டியவர் கையிலேயே கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடி மேடையில் சீப்புக்குப் பக்கத்தில் நாணயத்தைப் போட்டுவிட்டு வருவதும் வேண்டாம். நம்மைவிட வயதில் மூத்தவரை "நீ, வா" என்று ஒருமையில் கூப்பிட்டுவிட்டு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் அந்த ஐம்பதுக்கு மரியாதை கிடையாது.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்தமாகப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய கிராமத்து ஏற்பாட்டில் முடிதிருத்துபவருக்குக் கூலி என்று ஒன்று பேசப்படவில்லை. ஊர் முழுவதற்கும் ஆண்டு முழுவதும் வேலை செய்தார், வைத்தியமும் பார்த்தார், அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். அறுவடை முடிந்ததும் களத்தில் நெல் அளந்தார்கள். நல்லது கெட்டதுக்கு வேட்டி துண்டு கொடுத்தார்கள். கரையில் கறிக்கு மீன் கொடுத்தார்கள். எவ்வளவு என்பதைக் கொடுத்தவர்தான் முடிவு செய்தார். வாங்கியவர் கேட்க முடியாது, சாதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடை வைத்து, சுவரில் விலையை எழுதி ஒட்டியபோதுதான் அந்தத் தொழிலாளி முதன்முதலாகத் தன் வேலைக்குத் தானே விலை சொன்னார். "விலையை ஏற்றாதீர்கள், நாங்களே பார்த்துச் சேர்த்துக் கொடுக்கிறோம்" என்று இன்று சொல்வது, அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடியும் நம் களத்து மேட்டில் வந்து நிற்கச் சொல்வதாகும். சொல்பவர்களின் எண்ணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் நடப்பது அதுதான்.

கூலி இல்லாத இடத்தில் அன்பளிப்பு என்னவாகும் என்பதைக் கோயில் முடிகாணிக்கை மண்டபங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சீட்டு வாங்கிய பிறகும் மொட்டையடிப்பவர் கை நீட்டுகிறார் என்று பக்தர்கள் வருந்தினார்கள். அவர் மாதச் சம்பளம் இல்லாமல் சீட்டில் கிடைக்கும் சிறு பங்கை நம்பி உட்கார்ந்திருந்தார் என்பதைக் கேட்டவர் குறைவு. அறநிலையத் துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று 2021இல் அரசு அறிவித்தபோது, அந்தப் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் கொடுக்க முடிவு செய்தது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் பிரச்சினை கை நீட்டுகிறவரின் குணத்தில் இல்லை, கூலியில்தான் இருக்கிறது என்பதை அந்த முடிவு ஏற்றுக்கொண்டது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் சிலர், இங்கே எத்தனை சதவீதம் டிப்ஸ் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் முடிவெட்டினால் 15 முதல் 20 சதவீதம் வரை கொடுப்பது வழக்கம். அந்த நாட்டில், டிப்ஸ் பெறும் ஊழியர்களுக்கு முதலாளி தன் பங்காகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச ஊதியம் கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான்; 1991 முதல் அது ஏறவே இல்லை. மீதியை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டார்கள். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை. நமக்குச் சதவீதக் கணக்கு வேண்டாம். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் பெருநாளைக்கு முன் முடிவெட்டிக்கொண்டு 500 ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் போவார்கள். அது அவர்கள் மகிழ்ச்சி, கொடுக்கட்டும். அதை வைத்து மற்ற மாதங்களில் ஒரு குடும்பம் சாப்பிட முடியாது.

யாருக்கு, எப்போது கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதலாளியே வெட்டினால் பட்டியல் விலையைக் கொடுக்கிறேன், பேரம் பேசுவதில்லை. ஊழியர் வெட்டினால் கையில் இருபது ரூபாய் கொடுக்கிறேன். நாற்காலியில் உட்கார மறுத்து அழுகிற குழந்தைக்கு, பொறுமையாகப் பாட்டுப் போட்டுக் காட்டி, அரை மணி நேர வேலையை ஒரு மணி நேரம் செய்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கும் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வரச் சொன்னால் கூலியை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முறை. என் மாமனார் படுக்கையில் இருந்த மாதங்களில் எங்கள் கடைக்காரர் கடையடைத்த பிறகு சைக்கிளில் வருவார். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து தாடையில் சிறிது நேரம் வைத்திருந்து, தோல் சுருங்கிய கன்னத்தை இடது கைக் கட்டைவிரலால் மெல்ல மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியைத் தோலோடு படுக்கவைத்து, ஒரு கீறல் விழாமல் சவரம் செய்வார். முடிந்ததும் படிகாரத்தைத் தேய்த்து, "ஐயா, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்பார். அந்த வேலைக்குக் கடை விலையைக் கொடுத்து அனுப்பும் வீடுகள் இருக்கின்றன. துக்க வீட்டில், காரியத்துக்கு மொட்டையடிக்க வந்தவரிடம் பேரம் பேசும் வீடுகளும் இருக்கின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தைச் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது கடையில் பெஞ்சு நிறைந்திருக்கும், கல்லா நிறையாது. படகுகள் வேலைநிறுத்தம் செய்யும் வாரங்களிலும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாட்களிலும் இதே நிலைதான். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. அது நியாயமான உதவி, இன்னும் கூட வேண்டும். ஆனால் கடலை நம்பியே கடை வைத்திருக்கும் முடிதிருத்துபவருக்கு அந்த நிவாரணம் கிடையாது. 2020 ஊரடங்கில் கடைகள் பூட்டிக் கிடந்தபோது அரசு கொடுத்த 2,000 ரூபாயைத் தவிர அவர்கள் பெரிதாக எதையும் பார்த்ததில்லை. இருந்தும் அந்த இரண்டு மாதமும், "படகு போகட்டும்ப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டு முடிவெட்டி அனுப்புகிறவர் அவர்தான். எந்த வங்கியும் இந்தக் கரைக்கு அப்படிக் கடன் கொடுத்ததில்லை. ஜூன் கடைசியில் மீன் விற்ற பணத்தைப் பங்கு பிரித்ததும் பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு கூறு நகரை மீனையோ சூடை மீனையோ வாழையிலையில் கட்டிக் கொடுக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். அந்த நோட்டில் பெயர் இருந்தும் பக்கத்து ஊர்க் கடைக்கு மாறிப்போகிறவர்களைப் பற்றிக் குழுவில் யாராவது பேசினால் நன்றாக இருக்கும்.

ஆகவே, தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு மட்டும் 120 ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம் என்று வந்திருக்கும் யோசனையையும் நான் ஏற்கவில்லை. அந்தச் சுமையைக் கடைக்காரர் தன் கடன் நோட்டில் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறார். சங்கத்தாரிடம் பேசப் போகிறவர்கள் விலையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே அங்கு நின்று வேலை செய்பவரின் சொந்தக் கியூஆர் அட்டையையும் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். முடிதிருத்துவோருக்கான அரசு நல வாரியத்தில் பதிவு செய்யாத ஊழியர்களைப் பதிவு செய்ய உதவுங்கள். விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். விலைக்குறைப்பு மனுவைத்தான் கொண்டுபோவது என்று முடிவு செய்தால் அதில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.