நாணற்பூ அடைத்த சட்டை

குழந்தைகளுக்கான சீனப் படப் புத்தகங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ‘24 நன்மக்கள்’ கதைகளுக்கு வந்து சேராமல் இருக்க முடியாது. யுவான் அரச மரபின் காலத்தில் (1271–1368) குவோ ஜூஜிங் தொகுத்ததாகக் கருதப்படும் இக்கதைகள், தாய் தந்தையரைப் பேணிய 24 பேரைப் பற்றியவை. ஒவ்வொன்றும் சில வரிகளே நீளமுடையது என்பதால், படத்தோடு சேர்த்து அச்சிடுவதற்கென்றே பிறந்தவை போல இருக்கின்றன. இவை அனைத்தையும் ஒரே புத்தகமாகக் குழந்தையின் கையில் கொடுப்பதை நான் ஏற்கவில்லை; ஆனால் அவற்றுள் ஒரு கதையை எந்தக் குழந்தைக்கும் சொல்லாமல் விடவும் எனக்கு மனம் வராது.

நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ சுன், சிறுவயதில் தமக்குக் கிடைத்த முதல் படப் புத்தகமே இதுதான் என்றும், பெரியவர் ஒருவர் அதைப் பரிசளித்தார் என்றும் 1926-இல் எழுதிய கட்டுரையில் நினைவுகூர்கிறார். அதில் அவரை மிகவும் உறுத்திய படங்களுள் ஒன்று குவோ ஜூவின் கதைக்கு உரியது. வறுமையில் வாடும் குவோ ஜூ, தன் தாய் தனக்குரிய உணவைப் பேரனோடு பகிர்ந்துகொள்வதைக் கண்டு, பிள்ளையை மறுபடியும் பெற்றுக்கொள்ளலாம், தாயைப் பெற முடியாது என்று தீர்மானித்து, 3 வயது மகனைப் புதைக்கக் குழி தோண்டுகிறான். குழிக்குள் தங்கம் கிடைத்துக் கதை மங்களமாக முடிகிறது. தங்கம் வெளிப்பட்ட பிறகுதான் சிறுவன் லூ சுன்னுக்கு மூச்சே வந்தது. படத்திலோ, தந்தை குழி தோண்டிக்கொண்டிருக்க, தாயின் கையில் இருந்த குழந்தை கிலுகிலுப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தது. வீட்டில் பணமில்லை என்று பெற்றோர் கவலைப்படுவது அவர் காதில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டில் பாட்டியும் இருந்தார். தன் தந்தையும் நல்ல மகனாக முடிவெடுத்துவிட்டால் புதைபடப் போவது யார் என்று அந்தச் சிறுவன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான்.

குழியைச் சிறிதாகவும் தங்கத்தைப் பெரிதாகவும் வரைந்து இக்கதையை மென்மையாக்குவது வீண் வேலை என்பேன். படம் பார்க்கும் குழந்தை தன் வயதுடையவரைத்தான் முதலில் தேடும். கொசுவலை வாங்க வழியில்லாத வீட்டில், பெற்றோரைக் கடிக்காமல் தன்னையே கடிக்கட்டும் என்று கொசுக்களுக்கு உடம்பைக் கொடுத்துப் படுத்த 8 வயது வூ மெங்கின் கதையையும் இதனோடுதான் சேர்ப்பேன். (அந்தப் பெற்றோர் எப்படித்தான் தூங்கினார்களோ!) கோடையில் தந்தையின் தலையணைக்கு விசிறி, குளிர்காலத்தில் தன் உடல் சூட்டால் படுக்கையைக் கதகதப்பாக்கி வைத்த 9 வயது ஹுவாங் சியாங்கால் யாருக்கும் கேடில்லை, ஆனால் அங்கே கதையென்று எதுவும் நடப்பதில்லை.

நான் சொல்ல வந்தது கன்பூசியஸின் சீடரான மின் ஸிச்சியெனின் கதை. தாயை இழந்த அவனுக்கு மாற்றாந்தாயும் அவள் பெற்ற இரண்டு தம்பிகளும் உண்டு. குளிர்காலத்தில் தன் பிள்ளைகளின் உடைக்குள் நல்ல பஞ்சை அடைத்துத் தைக்கும் அவள், இவனுடைய உடைக்குள் நாணற்பூவை அடைத்துவிடுகிறாள். தந்தையின் வண்டியை ஓட்டும்போது குளிரில் கை விறைத்து வாரை நழுவவிடுகிறான். மேடை நாடக வடிவத்தில் தந்தை கோபத்தில் சாட்டையால் அடிக்க, சட்டை கிழிந்து நாணற்பூ பறக்கிறது. உண்மையை அறிந்த தந்தை மனைவியைத் துரத்திவிட முனையும்போது, தாய் இருந்தால் ஒரு மகன்தான் குளிரில் வாடுவான், தாய் போய்விட்டால் மூவரும் ஆதரவற்றுப் போவோம் என்று மகன் தடுக்கிறான். அதைக் கேட்டு அவள் மனம் திருந்துகிறாள்.

எழுத்தைவிடப் படத்துக்கே பொருத்தமான கதை இது. நாணற்பூ அடைத்த உடை பார்ப்பதற்குப் புசுபுசுவென்று இருக்கும், குளிரைத் தாங்காது. ஆகவே மூன்று சிறுவர்களையும் அருகருகே வரைந்தால், பெரியவர்களின் கண்ணுக்கு மூவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். சிவந்த விரல்களைக் குழந்தை மட்டும் கவனித்திருக்கும். பக்கத்தைப் புரட்டினால் பனியோடு பனியாக நாணற்பூ பறக்க வேண்டும்.

இக்கதையை வரைபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழி முழுவதையும் மாற்றாந்தாயின் மேல் போட்டுவிட்டு, தந்தையை நீதிபதியாக நிறுத்தாதீர்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மகனின் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் சாட்டைக்கு வேலையே இருந்திருக்காது. அந்த வெட்கமும் அவர் முகத்தில் தெரிய வேண்டும். கடைசிப் பக்கத்தில் அறிவுரை எழுத இடமிருந்தால், அங்கே கன்பூசியஸ் இவனைப் பற்றிச் சொன்னதை அச்சிடலாம்: இவனைக் குறித்துப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் சொல்லும் நல்ல சொல்லில் ஊரார் எவரும் குறை காண்பதில்லை என்கிறார் அவர். அந்தப் பெற்றோருள் நாணற்பூவை அடைத்துத் தைத்தவளும் ஒருத்தி.