கடகங்களை ஏற்றியதற்குக் கைதட்டியவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் வீதியோரம் மரக்கறி விற்ற பெண்களை அகற்றியதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். காணொளியைப் பார்த்தபோதுகூடப் பொறுத்துக்கொண்டேன். அதன் கீழே வந்த பின்னூட்டங்களை வாசித்த பிறகு முடியவில்லை.

நடந்ததைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் பார்த்தீர்கள். அந்தப் பெண்களின் கடகங்கள், அதாவது ஓலைக் கூடைகள், உழவு இயந்திரப் பெட்டிக்குள் போயின. ஒரு அம்மா முருங்கைக்காய்க் கட்டை விடாமல் பிடித்திருந்தார். கட்டியிருந்த நார் அறுந்து காய்கள் தார் வீதியில் சிதறின. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அதன் மேல் ஏறிப் போனது. இதற்குத்தான் "இப்போதுதான் யாழ்ப்பாணம் நகரம் மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் எழுதுகிறார். அவருக்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள்.

கொஞ்சம் நாகரிகமாகப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். "அவர்களுக்குப் புதிய மாடிக் கடைத்தொகுதியில் இடம் கொடுக்கிறார்களே, பிறகென்ன அழுகை?" என்பது அவர்களுடைய கேள்வி. என் வயிற்றெரிச்சலே அந்தக் கடைத்தொகுதிதான். கொரோனாப் பெருந்தொற்றைக் கடந்து வந்த ஊர் செய்யவே கூடாத வேலை ஒன்று உண்டென்றால், ஊர் முழுக்கப் பரந்து கிடக்கிற வியாபாரத்தை அள்ளிக் கொண்டுபோய் ஒரே கூரையின் கீழ் அடைப்பதுதான். நாங்கள் அதைத்தான் செய்கிறோம். அதற்குப் பெயர் அபிவிருத்தி.

அதற்குள் மறந்துவிட்டீர்களா? 2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு போட்டார்கள். யாழ்ப்பாணம் அபாய மாவட்டங்களின் பட்டியலில் இருந்தது. மற்ற இடங்களில் தளர்த்தியபோதும் எங்களுக்குத் தளர்த்தவில்லை. குளிரூட்டிய பெரிய கடைகள் எல்லாம் பூட்டு. எங்கள் ஒழுங்கைக்குச் சாப்பாடு வந்தது ஒரு பழைய சைக்கிளில். கரியரில் மரப்பெட்டி, ஹாண்டிலில் இரண்டு பக்கமும் உமல் பை. ஓட்டி வந்தவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண். படலைக்கு உள்ளே வரமாட்டார். கத்தரிக்காயையும் கீரைப்பிடியையும் மதிலில் வைத்துவிட்டு நாலு அடி தள்ளி நிற்பார். குற்றிக்காசைப் போடுவதற்கு ஒரு மாஜரீன் டப்பாவில் சவர்க்காரத் தண்ணீர் வைத்திருந்தார். தாள்காசை மதிலில் வெயில் படுகிற இடத்தில் விரித்து, மேலே ஒரு சல்லிக்கல்லைப் பாரம் வைப்பார். அவருக்கு யாரும் செயலமர்வு நடத்தவில்லை, கையேடு கொடுக்கவில்லை.

என் அப்பா நீரிழிவுக்காரர். பாகற்காய் கிடைத்த நாட்களில் அந்தப் பெண் அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் எங்கள் வீட்டுக்கு எடுத்து வைப்பார். ஒருநாள், "ஐயாவுக்கு மருந்து முடிந்திருக்குமே, மருந்துத் துண்டைத் தாருங்கள், எனக்கு ஊரடங்குப் பாஸ் இருக்கிறது" என்று தானாகவே கேட்டு, மருந்தை வாங்கி வந்து அதே மதிலில் வைத்துவிட்டுப் போனார். அந்த மாதம் முழுவதும் அவரிடம் கடன்தான். கொப்பி கிடையாது, கணக்கெல்லாம் தலையில். அப்போது இதே முகநூலில் இந்தப் பெண்களை "எங்கள் தெய்வங்கள்" என்று எழுதினீர்கள். இப்போது அவர்கள் "இடையூறு".

சரி, உணர்ச்சியை விடுங்கள், அறிவியல் பேசுங்கள் என்பீர்கள். பேசலாமே. கோயம்பேடு தெரியும்தானே? சென்னை முழுவதற்கும் மரக்கறி போகிற சந்தை. 2020 மே மாதத் தொடக்கத்தில் அங்கிருந்து தொற்று லாரிகளில் ஏறிக் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போனது. மே 5 அன்று சந்தையையே மூடித் திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். தூரத்துக் கதை என்றால் பக்கத்தில் வாருங்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொடை மீன்சந்தை. நாடு முழுவதும் அங்கிருந்துதான் மீன் போனது, தொற்றும் அங்கிருந்துதான் போனது. 2021 மார்ச் இறுதியில் எங்கள் நகர மத்தியிலேயே கடைகள் இழுத்து மூடப்பட்டன. மூன்றும் ஒரே கதைதான்: எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து போக வேண்டியிருந்தால், அந்த ஒரு இடம் விழுந்தவுடன் எல்லாம் விழும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்கிற அந்த நோய் எங்களிடம் இயல்பாகவே குறைவாக இருந்தது. சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி, சங்கானை, அச்சுவேலி, நெல்லியடி, சாவகச்சேரி, கொடிகாமம் என்று சந்தைகள் பரவிக் கிடக்கிற குடாநாடு இது. அதற்கும் கீழே ஒவ்வொரு சந்தியிலும் நாலு கடகம். ஒன்று மூடினால் இன்னொன்று. எந்த நிபுணரும் வரைந்து தராத பாதுகாப்பு. அதைத்தான் உழவு இயந்திரத்தில் ஏற்றினார்கள்.

இன்னொன்று, காற்று. கொரோனா காற்றிலே பரவுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லவே 2021 ஆகிவிட்டது. சரி, இப்போதாவது தெரியும். தெரிந்த பிறகும், படமாகக் காட்டுகிற அந்தக் கடைத்தொகுதியைப் பாருங்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி. மரக்கறிப் பகுதி நடுவில், நாலு பக்கமும் சுவர். மத்தியான நேரம் அதற்குள் நிற்பதை நினைத்துப் பாருங்கள், கீரைக்கு முன்னால் நீங்கள் வாடிவிடுவீர்கள்.

நடைபாதையை மறிக்கிறார்கள் என்கிறீர்கள். உண்மை. வயதானவர்கள் வீதியில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது, அது ஆபத்துத்தான். அதை ஒழுங்குபடுத்துங்கள், கோடு போடுங்கள், நேரம் வையுங்கள். ஆனால் அதே நடைபாதையில் கடைகளுக்கு முன்னால் ஏற்றி நிறுத்தியிருக்கிற கார்களை எந்த உழவு இயந்திரத்தில் ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் ஏன் எல்லோரும் மௌனம்?

கடைக்காரர்கள் வாடகையும் வரியும் கட்டுகிறார்கள், இவர்கள் கட்டுவதில்லை என்கிறார்கள். நாளுக்கு ஒரு சிட்டை எழுதி வாங்குங்கள். அவர்கள் தரமாட்டோம் என்றா சொன்னார்கள்?

குப்பை, டெங்கு, எலிக்காய்ச்சல் என்று ஒரு வைத்தியர் நண்பர் எழுதியிருந்தார். ஐயா, மதிப்போடு சொல்கிறேன். 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் வெள்ளத்தோடு வந்தது, கத்தரிக்காயோடு வரவில்லை. டெங்கு நுளம்பு வீட்டுப் பூச்சாடியிலும் அடைத்துக் கிடக்கிற பீலியிலும் முட்டையிடுகிறது. கடகத்தில் தண்ணீர் தேங்காது. அது ஓலையில் இழைத்தது.

இனி வெளிநாட்டிலிருந்து கைதட்டியவர்களுக்கு. முக்கியமாக, "எங்கள் பாரிசில் இப்படி வீதியில் கடை போட விடுவார்களா?" என்று கேட்ட அண்ணாவுக்கு. விட்டார்கள் அண்ணா. 2020 கோடையில் உங்கள் பாரிசில் கார் நிறுத்துமிடங்களை உணவகங்களுக்குக் கொடுத்து, வீதியிலேயே மேசை போடச் சொன்னார்கள். அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் அதை நிரந்தர ஒழுங்காக்கினார்கள். லித்துவேனியாவின் வில்னியுஸ் நகரம் 2020 ஏப்ரலில் தன் சதுக்கங்களையே இலவசமாகத் திறந்துவிட்டது. பெருந்தொற்று வந்தபோது அந்த நகரங்கள் வியாபாரத்தை வெளியே கொண்டுவந்தன. நாங்கள் அது முடிந்த பிறகு உள்ளே தள்ளுகிறோம். நீங்கள் பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் வேலை முடிந்து, வீதியோர மேசையில் கோப்பி குடித்துக்கொண்டே அந்தப் பின்னூட்டத்தை எழுதியிருந்தால்கூட ஆச்சரியப்பட மாட்டேன்.

நீ யார் கேட்க, உனக்கு என்ன தகுதி என்றும் ஒரு தம்பி கேட்டிருந்தான். நான் நகரத் திட்டமிடல் படித்தவன் இல்லைத்தான். மாலையில் பையைத் தூக்கிக்கொண்டு மரக்கறி வாங்கப் போகிறவன். 2022இல் பெற்றோல் வரிசையில் ஊரே நின்றபோது, எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை இல்லாமல் ஓடிய ஒரே விநியோகம் மறுபடியும் அந்தச் சைக்கிள்கள்தான் என்பதைக் கண்ணால் பார்த்தவன். இடப்பெயர்வு, பொருளாதாரத் தடை, ஊரடங்கு, எரிபொருள் இல்லாத காலம் என்று எது வந்தாலும் கடைசிவரை நிற்பது இந்தப் பெண்கள். எல்லாம் ஓய்ந்ததும் முதலில் துரத்தப்படுவதும் அவர்களே. இதைச் சொல்ல எனக்குப் பட்டம் வேண்டுமா?

வீட்டிலும் கேட்டார்கள், ஏன் இவ்வளவு கோபம் என்று. அந்தக் காணொளியில் முருங்கைக்காய் பொறுக்கியவர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர் அல்ல, வேறொருவர். ஆனால் குனிந்து பொறுக்கியபோது அவர் யாரையும் திட்டவில்லை, அழவுமில்லை. நசிந்ததை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமுமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பழகிய கை. அதுதான் என்னைச் சுடுகிறது.

கடைத்தொகுதி பற்றிய அடுத்த கலந்துரையாடலுக்குப் பொதுமக்களும் வரலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். போன முறை மேசையைச் சுற்றி இருந்தவர்களில் மரக்கறி விற்கிறவர் ஒருவரும் இல்லை. இம்முறை இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். பேச விட்டால் அவர்கள் பேசட்டும். விடாவிட்டால் நான் எழும்பி, மரக்கறிப் பகுதிக்கு எத்தனை யன்னல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். வர விரும்புகிறவர்கள் உட்பெட்டியில் எழுதுங்கள், நேரத்தை அறிவிக்கிறேன். கைதட்டியவர்களும் வரலாம்.