லிப்டனைக் கடைசிவரை கிளப்பில் சேர்க்கவில்லையா?

'டீ விற்றவர் என்பதால் தாமஸ் லிப்டனைச் சாகும்வரை ராயல் யாட் ஸ்குவாட்ரன் சேர்க்கவில்லை. கோபத்தில் தானே ஒரு கிளப் தொடங்கி அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் போட்டியிட்டார்' என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி சரி, பாதி கதை.

ராயல் யாட் ஸ்குவாட்ரன், 1815இல் லண்டனில் தொடங்கி, பிறகு இங்கிலாந்தின் கௌஸ் நகரில் நிலைகொண்ட பாய்மரப் படகு கிளப். காசும் படகும் இருந்தால் மட்டும் உள்ளே போய்விட முடியாது. உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும், அப்புறம் ரகசிய வாக்கெடுப்பு. பெட்டிக்குள் கையை விட்டுப் பந்தைப் போடுவார்கள். கறுப்புப் பந்து விழுந்தால் எதிர்ப்பு. யார் போட்டது, ஏன் என்று யாரும் கேட்க முடியாது. மரியாதையாக அவமானப்படுத்த நல்ல ஏற்பாடுதான்!

கடைக்காரர் என்ற இளக்காரத்தால் லிப்டனுக்குக் கதவு வெகுகாலம் திறக்கவில்லை என்பது உண்மை. இலங்கையின் அப்புத்தளையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த அதே லிப்டன்தான். ஆனால் 1931இல் அவரை உறுப்பினராக்கினார்கள். அந்த அக்டோபரிலேயே இறந்துபோனார்.

சொந்தக் கிளப் கதையும் தவறு. அமெரிக்கா கோப்பைக்குத் தனி ஆள் சவால் விட முடியாது, ஒரு கிளப்தான் விட வேண்டும். அதனால் அயர்லாந்தில் ஏற்கெனவே இருந்த ராயல் அல்ஸ்டர் யாட் கிளப் மூலம் 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை 'ஷாம்ராக்' படகுகளோடு போனார். ஐந்திலும் தோல்வி.