ஈஎம்ஐயைத் தள்ளிவைக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

2020-இல், கொரோனா ஊரடங்கு நேரத்தில் எழுதியது இது. இதில் சொல்லும் தவணைச் சலுகை அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிட்டது, மற்றவையும் அன்றைய நிலவரம்தான். ஊரடங்கு மூன்றாவது மாதத்தில் நடக்கிறது. கடையைத் திறந்தாலும் வியாபாரம் இல்லை. வேலை இருப்பவர்களுக்கும் பல இடங்களில் பாதிச் சம்பளம்தான். ஆனால் மாதம் பிறந்தால் ஈஎம்ஐ தேதி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. இந்த நேரத்தில் "ஆகஸ்ட் வரைக்கும் யாரும் தவணை கட்ட வேண்டாம், ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நடந்தது இதுதான். 2020 மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, மார்ச் 1 முதல் மே 31 வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அனுமதி கொடுத்தது. மே 22-ஆம் தேதி அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. கொடுத்தது அனுமதிதான், கட்டளை இல்லை. அதனால்தான் ஆளுக்கொரு நடைமுறை. சில வங்கிகளில் நாம் கேட்டால்தான் தள்ளிவைப்பார்கள். சில இடங்களில் தானாகவே தள்ளிவைத்துவிட்டு, வேண்டாம் என்றால் நீங்கள் சொல்லுங்கள் என்கிறார்கள். உங்கள் கடன் எந்த வகையில் இருக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது வட்டி. தவணைதான் நிற்கிறது, வட்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறுகிறது.

வீட்டுக் கடன் 30 லட்சம் பாக்கி, வட்டி 8.5 சதவீதம், இன்னும் 15 வருஷம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 29,540 ரூபாய். மூன்று மாதம் கட்டாமல் விட்டால் சேரும் வட்டி சுமார் 64,200 ரூபாய். அது அசலில் ஏறியதும் பாக்கி 30,64,200 ஆகிறது. தவணைத் தொகையை மாற்றாமல் தொடர்ந்தால் 180 தவணையில் முடிய வேண்டிய கடன் 188 தவணைக்கு ஓடும். கூடுதலாகக் கட்டுவது 8 தவணை, அதாவது இரண்டேகால் லட்சத்துக்கு மேல். ஆறு மாதமும் தள்ளிவைத்தால் கிட்டத்தட்ட 17 தவணை, சுமார் 4.9 லட்சம். ஆரம்ப வருஷங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. இந்த உதாரணத்தில் 29,540 ரூபாயில் 21,250 வட்டி. அசலில் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம்தான் கழிகிறது. அதனால் புதிதாக ஏறிய 64,200-ஐக் கரைக்க அத்தனை மாதம் பிடிக்கிறது.

இதே தவணையில் இரண்டு வருஷம் மட்டும் பாக்கி இருப்பவருக்கு, ஆறு மாதம் தள்ளினாலும் கூடுதல் செலவு ஒரு தவணைக்குச் சற்று மேல்தான், 34,000-க்குள் முடிந்துவிடும். ஆகவே "எல்லோரும் எடுக்கலாம்", "யாரும் எடுக்கக் கூடாது" என்ற இரண்டு பேச்சுமே தப்பு. கடன் முடிய இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

முழுத் தவணை முடியாது, ஆனால் கொஞ்சம் முடியும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த மாதத்து வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வாருங்கள். மேலே சொன்ன கடனில் அது மாதம் 21,250 ரூபாய். பாக்கி 30 லட்சத்திலேயே நிற்கும், கடன் தள்ளிவைத்த மாதங்கள் மட்டும் நீளும். அதுவும் முடியாவிட்டால், ஆறு மாதம் கழித்துக் கையில் பணம் வந்ததும் சேர்ந்துபோன வட்டியை (சுமார் 1.3 லட்சம்) மொத்தமாக அடைத்துவிடுங்கள். 4.9 லட்சத்துக்குப் பதில் 1.3 லட்சத்தோடு போகும். அப்படிக் கட்டும்போது "சேர்ந்த வட்டிக்காக" என்று எழுதிக் கொடுங்கள், பிறகு பாக்கித் தவணைப் பட்டியலை வாங்கிச் சரிபாருங்கள்.

கிரெடிட் கார்டை மட்டும் தயவுசெய்து தள்ளிவைக்காதீர்கள். அங்கே வட்டி மாதத்துக்கே 3, 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 3.5 சதவீதம் என்றால் 50,000 ரூபாய் பாக்கி ஆறு மாதத்தில் 63,000-ஐத் தாண்டிவிடும். பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். வீட்டில் நகை இருந்தால், பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அடகு வைத்துக் கார்டை அடைப்பது எவ்வளவோ மேல். வேலையில் இருப்பவர்கள் பிஎஃப் பணத்தையும் பார்க்கலாம். கொரோனாவுக்காக 2020-இல், இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், இரண்டில் எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத முன்பணமாக எடுக்க முடிந்தது. ஆதாரில் இருக்கும் பெயரும் பிஎஃப் கணக்கில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். இனிஷியல் மாறியிருந்தால்கூட நின்றுவிடும்.

விண்ணப்பித்த பிறகும் பணம் பிடித்துவிட்டார்கள் என்ற புகார் நிறைய வருகிறது. ஈசிஎஸ் (கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) உத்தரவு தவணைத் தேதிக்குச் சில நாள் முன்பே போய்விடுவதுதான் பெரும்பாலும் காரணம். முந்தின நாள் மெயில் அனுப்பினால் அது நிற்காது. ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே அனுப்புங்கள். சம்மதம் என்று பதில் வரும்வரை கணக்கில் ஒரு தவணைக்கான பணத்தை வைத்திருங்கள். இல்லாவிட்டால் ஈசிஎஸ் திரும்பி, கணக்கு வைத்திருக்கும் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்த இடம் ஒரு அபராதம் என்று இரண்டு பக்கமும் பிடிப்பார்கள். முறைப்படி தள்ளிவைத்த தவணை சிபில் மதிப்பை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்ணைக் குறைக்காது, ரிசர்வ் வங்கி அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கேட்காமல் சும்மா விட்ட தவணைக்கு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று: ஈஎம்ஐயைத் தள்ளிவைத்துத் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். எந்த வங்கியும் இதற்கு ஓடிபி கேட்பதில்லை.

எனக்கு இதில் அதிகம் வலிப்பது குழுக் கடன் வாங்கியிருக்கும் பெண்களின் நிலைமை. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள், பூ கட்டி விற்பவர்கள். மார்ச் கடைசியிலிருந்து வருமானம் நின்றுபோன குடும்பங்கள் இவை. ரிசர்வ் வங்கியின் சலுகை இந்தக் குழுக் கடன்களைக் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆனாலும் பல ஊர்களில் வசூலுக்கு ஆள் வந்து வாசலில் உட்காருகிறார். "நீங்கள் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்களுக்கு அடுத்த கடன் கிடையாது" என்று பக்கத்து வீட்டுக்காரியையே எதிரே நிறுத்துகிறார்கள். இது கொடுமை. அந்த அக்காக்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்: தள்ளிவைக்க வேண்டும் என்று குழுவாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கடன் அட்டையில் எழுதாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வட்டி ஏறும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 24 சதவீத வட்டியில் 30,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் சுமார் 3,800 ரூபாய் கூடும். அதைத் தெரிந்துகொண்டு அவர்களே முடிவு செய்யட்டும். கந்துவட்டிக்காரரிடம் வாங்கி இந்தத் தவணையை அடைப்பதைவிட 3,800 ரூபாய் எவ்வளவோ மேல்.

வட்டிக்கு வட்டி போடுவதாவது நிறுத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளியே போகாதே, கடையைத் திறக்காதே என்று அரசாங்கமே உத்தரவு போட்டிருக்கும்போது, அந்த மாதங்களின் வட்டியை அசலில் ஏற்றுவதில் நியாயம் இல்லை. இதை எழுதும் 2020-இல் வட்டி விஷயம் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. தீர்ப்பு எப்போது வரும், எப்படி வரும் என்று காத்திருந்து யாரும் குடும்பம் நடத்த முடியாது. அதனால் கட்ட முடிந்தவர்கள் கட்டிவிடுங்கள். முடியாதவர்கள் கூச்சப்படாமல் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் தவணை வருவதற்குள் பாக்கி அசல் எவ்வளவு, தவணை கூடுகிறதா, மாதங்கள் நீள்கிறதா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.