மஞ்சள் அட்டையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்

போன வருஷம் இலையுதிர் சீசனில் ஒரு சனிக்கிழமை காலை. நியூ ஜெர்சியில் 12 வயதுக்குட்பட்ட பையன்களின் கால்பந்து ஆட்டம். பக்கத்துக்கு 9 பேர், பாதிக்கு 30 நிமிடம், நடுவர் நான் ஒருவன்தான். நாலாவது நிமிடமே ஒரு கோச் ஆரம்பித்துவிட்டார். "ரெஃப், கண்ணு தெரியுதா?" சிரித்துக்கொண்டே தாண்டிப் போனேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையையும் விரித்தபடி கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே வந்தார். "சரி, மனுஷன் சூடா இருக்கார்" என்று விட்டேன். அதற்குள் எதிர்ப்பக்கம் மடக்கு நாற்காலிகளில் இருந்த பெற்றோர் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

இரண்டாம் பாதியில் ஒரு த்ரோ-இன், அதாவது கோட்டைத் தாண்டிப்போன பந்தைக் கையால் உள்ளே எறிவது. அந்த அணியின் பையன் ஒருவன் என் முன்னால் வந்து, கோச் மாதிரியே கையை விரித்து, கோச் சொன்னதையே கோச்சின் குரலிலேயே கேட்டான். எனக்குப் பொறுமை போயிற்று. அட்டையை உருவி அவன் முகத்துக்கு நேரே காட்டினேன்.

அன்றைக்கு நான் காட்டிய ஒரே அட்டை அது. வாங்க வேண்டிய ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். வாங்கியவனுக்குப் பதினொன்று. கண் கலங்கிப்போய் நின்றான். அவன் கோச் அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தார்.

"பெரிய மனுஷன், விட்டுப் பிடி" என்று சொல்லி வளர்த்தார்கள் நம்மை. கல்யாண வீட்டில் சரி. மைதானத்தில் விட்டால் பிடிக்கவே முடியாது. முதல் சத்தத்துக்கு என்ன நடக்கிறது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்: கோச், பெற்றோர், முக்கியமாகப் பிள்ளைகள்.

இத்தனைக்கும் விதி நம் பக்கம் இருக்கிறது. 2019-லிருந்து கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். பெஞ்சில் கத்தியது யார் என்று தெரியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த கோச் கணக்கில் அது ஏறும். எத்தனை நடுவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்? கோச்சுக்கு அட்டை காட்ட ஏனோ கை வராது. எனக்கும் வரவில்லையே.

இப்போது நான் செய்வது இதுதான். நான் கொடுத்த முடிவைப் பற்றிப் புலம்பினால் என் காது செவிடு. தோற்றுக்கொண்டிருக்கிற மனுஷன் "அய்யோ"கூடச் சொல்லக் கூடாதா? என்னைப் பற்றிப் பேசினாலோ, விடாமல் பேசினாலோ, ஆட்டம் நிற்கிற நேரம் பார்த்து நடந்து போவேன். "கோச், நீங்க பசங்களப் பாருங்க, விசில நான் பாத்துக்கறேன்." அவ்வளவுதான், விவாதம் கிடையாது. அடுத்த முறை மஞ்சள். அதற்கும் அடங்காவிட்டால் சிவப்பு. அவர் மைதானத்தை விட்டுப் போகும்வரை பந்து உருளாது.

"அட்டை காட்டினா ஆத்திரம் கூடாதா?" என்று நண்பர் கேட்டார். நியாயமான பயம்தான். 2013-ல் யூட்டாவில் மஞ்சள் அட்டை காட்டிய நடுவரை 17 வயதுப் பையன் ஒருவன் ஓங்கிக் குத்தினான். ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்து இறந்துபோனார். அதனால் நான் அட்டையை முகத்துக்கு நேரே நீட்டுவதை நிறுத்திவிட்டேன். நாலடி தள்ளி நின்று, குரல் உயர்த்தாமல் காட்டுவேன். ஆட்டம் முடிந்ததும் பார்க்கிங்குக்குத் தனியாக நடப்பதில்லை.

பெற்றோருக்கு அட்டை கிடையாது. அவர்களிடம் பேசவும் கூடாது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கோச்சைக் கூப்பிட்டு, "அந்த நீலச் சட்டைக்காரர் போனால்தான் ஆட்டம்" என்று சொன்னால் போதும். போகாவிட்டால் ஆட்டத்தையே கைவிடும் அதிகாரம் நடுவருக்கு உண்டு. பாதிச் சத்தம் விதி தெரியாததால் வருவது. எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கும் தவறுக்கு ஆஃப்சைடு என்று பெயர். த்ரோ-இன்னிலிருந்து நேராகப் பந்தை வாங்கினால் ஆஃப்சைடே கிடையாது. வாராவாரம் அதற்கொரு கூச்சல். இதில் நம் ஆட்களும் உண்டு. ஒரு தடவை பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல்: "இவனுக்கு எவன்டா விசில் குடுத்தது?" பேசக் கூடாது என்ற என் விதியை அன்று நானே மீறினேன். "கோர்ஸ் முடிச்சா உங்களுக்கும் குடுப்பாங்க அண்ணே, இங்க ஆள் பத்தல." அதற்கப்புறம் அந்தப் பக்கம் மூச்சில்லை.

என் மகளுக்கு 14 வயது. அவளும் இப்போது நடுவர். பயிற்சியில் ஒரு மூத்த நடுவர் அவளிடம், "தோல் தடிக்கணும்மா, அப்பதான் நிலைக்க முடியும்" என்றாராம். நல்ல மனிதர், நல்ல எண்ணம்தான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை நாற்பது வயது ஆள் திட்டும்போது தடிக்க வேண்டியது அவள் தோலா? நடுவர்களைத் திட்டுவோர், தாக்குவோருக்குக் குறைந்தபட்சத் தண்டனைகளை வகுத்து, அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2025 மார்ச்சிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. நடுவர் அறிக்கை எழுதாவிட்டால் அந்தக் காகிதத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. "விடுப்பா, அடுத்த வாரம் அவர் முகத்துல முழிக்கணும்" என்று எழுதாமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு 10 வயதுக்குட்பட்டோர் ஆட்டம். நான் காரிலேயே இருக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. முன்பு அவள் ஆட்டங்களில் நான் போட்ட சத்தத்தை அவள் மறக்கவில்லை. ஆட்டம் முடிந்து வந்து கதவைச் சாத்தினாள். முகம் சிவந்திருந்தது. "ஒரு கோச்ச வெளிய அனுப்பிட்டேன்ப்பா" என்றாள். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தாள். எட்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் சொன்ன கெட்ட வார்த்தைய அப்படியே எழுதணுமாப்பா?"

"அப்படியே எழுதும்மா. ஒரு எழுத்துகூட மாத்தாத."