அது வயதுக்கான கைதட்டல் அல்ல
முதிய பியானோ கலைஞர்களுக்குக் கிடைப்பது வயதுக்கான கைதட்டல்தான், உச்சம் நாற்பதிலேயே முடிந்துவிடுகிறது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பியானோ கலைஞர் மெனாஹெம் பிரெஸ்லர் 1955 முதல் 2008 வரை ஒரே மூவர் குழுவில் வாசித்தவர். குழு கலைந்தபோது அவருக்கு வயது 84. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு முதன்முறையாக அவர் வாசித்தது 2014இல், 90 வயதில்! விரல் வேகம் குறையும், உண்மைதான். பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டீன் முதுமையில், விரைவான பகுதி வருவதற்குச் சற்று முன் நிதானித்துக்கொள்வார்; அடுத்து வருவது காதுக்கு வேகமாகக் கேட்கும். இதை ஏமாற்று வேலை என்று மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் சொல்கிறார். இல்லை ஐயா, அது கேள்வி ஞானம். பியானோவில் கட்டையை அழுத்திய பின் ஸ்வரத்தை வளைக்க வழியில்லை, அது தேய்ந்துகொண்டே போகும். அந்தத் தேய்வுக்கு ஏற்ற கனத்தில் அடுத்த ஸ்வரத்தை வைப்பதும், ஒலியை நீடிக்க வைக்கும் பெடலிலிருந்து காலை எடுக்கும் கணத்தை அறிவதும் விரலின் வேலை அல்ல, காதின் வேலை. மும்பை மாட்டுங்காவில் எனக்கு வீணை சொல்லிக்கொடுத்த மாமிக்கு அப்போது 79 வயது, கணுக்கள் வீங்கிய விரல்கள். ராகத்தை லயத்தோடு விரித்து வாசிக்கும் தானத்தைத் துரித காலத்தில் வாசிப்பதை அவர் விட்டுவிட்டிருந்தார். ஆனால் லோக்கல் ரயிலின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, சஹானா ராகத்தின் காந்தார ஸ்வரத்தை ஒரே மீட்டில், மெட்டின்மேல் மெல்ல இழுத்து நிறுத்துவார்; நாங்கள் மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருப்போம். ஐம்பது வயதில் அவர் வாசித்த ஒலிநாடா இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் வேகம் இருக்கிறது, அந்தக் காந்தாரம் இல்லை.