முகாமில் பஞ்சம் பயிற்சிக்கு அல்ல, அறிமுகத்துக்கு

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் எதற்குள் போய் ஆண்களிடம் என்ன தொழில் என்று கேட்டாலும், பெரும்பாலும் ‘பெயிண்டிங்’ என்றே பதில் வரும். இங்கேயே பிறந்து, இங்கேயே பொறியியல் முடித்த பிள்ளைகளும் அப்பாவோடு அதே சாரத்தில் ஏறுகிறார்கள். தினக்கூலி வேலை என்பதால் யாரும் ஆவணம் கேட்பதில்லை; ஒருவரை மேஸ்திரிக்குப் பிடித்துவிட்டால், அவர் தம்பியையும் மச்சானையும் கூட்டிச் செல்கிறார். தொடர்புகளே இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது; இருக்கும் ஒரே தொடர்பு பெயிண்டிங் கான்ட்ராக்டரோடு நின்றுவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

இதே மக்களின் உறவினர்கள் பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் கடைத்தெருவையே உருவாக்கியிருக்கிறார்கள். எண்பதுகளில் உணவகங்களில் கோப்பை கழுவப் போனவர்கள், அடுத்து வந்தவர்களுக்கு அதே சமையற்கட்டில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். சீட்டுப் பிடித்த பணம் கடைக்கு முதலானது. திறமை இரு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் அங்கே அகதி என்று ஏற்கப்பட்டவருக்கு வேலை செய்யும் உரிமையும் பத்தாண்டு வதிவிட அட்டையும் கிடைத்தன. இந்தியாவோ 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இவர்களுக்கு இடமில்லை. முகாமில் ஆட்களை எண்ணிச் சரிபார்க்கும் கணக்கெடுப்பு நாளில் அங்கே இருந்தாக வேண்டியவர், தொலைதூர நகரத்தில் வேலை கிடைத்தாலும் எத்தனை முறை விடுப்புக் கேட்பார்?

மாநில அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றி, 7,469 வீடுகள் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. வீடு தேவைதான். தையல் இயந்திரமும் கணினிப் பயிற்சியும் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி முடிந்த மறுநாள் தைப்பதற்குத் துணி கொடுப்பவர் யார் என்ற கேள்வியோடு எந்தத் திட்டமும் தொடங்குவதில்லை. சான்றிதழ் வழங்கும் விழாவில் புகைப்படம் எடுத்ததோடு எல்லாரும் கலைந்துவிடுகிறோம்.

என் கருத்தில், கையில் இருக்கும் தொழிலிலிருந்தே தொடங்க வேண்டும். நாற்பதாண்டு அனுபவம் சேர்ந்த பெயிண்டிங் குழு ஒன்று, இன்னும் கான்ட்ராக்டரின் கூலியாளாகவே இருப்பானேன்? அந்தக் குழுவுக்கு ஜிஎஸ்டி பதிவு செய்து தர ஒரு கணக்கர், விலைப்புள்ளி எழுதக் கற்றுத்தர ஒரு பொறியாளர், பில் தொகை வரும்வரை பெயிண்டைக் கடனாகத் தரும் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர், வங்கியில் பிணைக் கையெழுத்திட ஓர் உள்ளூர்க்காரர் என நான்கு பேர் கிடைத்தால், முகாமில் படித்த பெண் ஒருவரே அந்தக் குழுவின் கணக்குவழக்கைப் பார்த்துக்கொள்வார். இவர்களில் பிணை தரும் ஆள்தான் எளிதில் கிடைக்கமாட்டார். ‘நாளைக்கே ஊருக்குப் போய்விட்டால்?’ என்று கேட்பார்கள். முப்பது ஆண்டுகளாகப் பக்கத்துத் தெருவில் வாழ்பவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி இது.

மாவட்ட வணிகர் சங்கங்களிலும் கட்டுநர் சங்கங்களிலும் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், அடுத்த கட்டடத்தின் ஒரு மாடியையாவது இடைத்தரகர் இல்லாமல் அருகிலுள்ள முகாமின் குழுவிடம் நேரடியாக ஒப்படைத்து, வேலை பிடித்திருந்தால் அடுத்தவரிடமும் அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.